ஞானசிங் இறங்கும்வரை உபவாசம்

ஆட்டுக்கறிக் குழம்பின் மணம் ஜன்னல் வழியாகக் கோயிலுக்குள் வந்தபோது, உபதேசியார் தங்கையன் ஜெபத்தில் ஒரு வரியைத் தவறவிட்டார். காலையிலிருந்து குலசேகரத்துச் சபை முழுவதும் உபவாசம். காரணம், சபைக் காரியதரிசியும் ரப்பர் வியாபாரியுமான ஞானசிங், சபையார் கணக்குப்படி, திருவனந்தபுரத்தில் தபால் விமானம் ஏறிப் பம்பாய்க்குப் பறந்துகொண்டிருந்தார்.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே எழுந்து நின்று அறிவித்தார். "எழுநூறு மைலுக்கு மேல உண்டு. ரெயிலுல போறவன் மூணு ராத்திரி கரிப்பொக திங்கணும். நான் காலத்த விமானத்துல கேறி, அந்திக்குப் பம்பாயில காப்பி குடிப்பேன்." கர்த்தர் பரமேறியபோது எத்தனை மைல், எவ்வளவு நேரம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அந்தக் குறை ஞானசிங்கால் தீர்ந்தது. தாம் பத்திரமாக இறங்கித் தந்தி கொடுக்கும்வரை சபை பட்டினி கிடந்து ஜெபிக்க வேண்டும், பிறகு தம் செலவில் எல்லாருக்கும் அசனம், கறிவிருந்து என்றார். சபையார் ஆட்டை நினைத்து ஆமென் சொன்னார்கள்.

அந்தி சாய்ந்தது. அசனச் சோறு வடித்தாயிற்று. தந்தி வரவில்லை.

ஞானசிங்கின் மனைவி நேசம்மாள் மட்டும் புருஷனுக்காகவே ஜெபித்தாள். தென்னையில் ஆள் ஏறுவதை அண்ணாந்து பார்த்தாலே தலை சுற்றுகிற மனிதர் அவர். ஊருக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். வெளியே காகம் கரைந்தபோதெல்லாம் கழுத்தில் கிடந்த தாலி மின்னைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கவாசலில் பஸ் டிரைவர் டைட்டஸ் வந்து நின்றான். "மாமி, மாமாவக் கண்டேன்."

"எங்கலே?"

"எனக்க பஸ்ஸுல. சந்தை முக்குல நிக்கி. இருட்டின பொறவு எறங்குதேன்னு பின்சீட்டுல குனிஞ்சு இருக்காவ."

"பம்பாய்க்குப் போவல்லியா?"

"தபால் மூட்டையோட ஆளையும் நிறுத்துப் பாத்தாவளாம். மாமாவக் கேத்தணுமின்னா நாலு மூட்டைய எறக்கணுமாம். மூட்டையக் கொண்டுட்டுப் போயிட்டாவ."

நேசம்மாள் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகையா சிரிப்பா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குப் பிடிபடவில்லை. ஆனால் டைட்டஸ் சொன்னது அதற்குள் ஆண்கள் பக்கத்தின் கடைசி வரிசைவரை போய்விட்டது.

உபதேசியார் கண்ணைத் திறந்தார். "காரியதரிசி எறங்கின பொறவுதான் உபவாசம் முடிக்கணுமின்னு பொருத்தனை" என்று இழுத்தார்.

"கேறாத மனுசன் எப்பம் எறங்க, உபதேசியாரே?" என்றாள் பெண்கள் பக்கத்திலிருந்து லீலாபாய். "கர்த்தருக்க வருகைவரைக்கும் பட்டினி கெடக்கவா?"

உபதேசியார் வேதாகமத்தைப் புரட்டினார். விமானம் பற்றி அதில் ஒன்றும் இல்லை.

நேசம்மாள் எழுந்து நின்றாள். கோயிலுக்குள் அவள் குரலை அதுவரை பாட்டில் மட்டுமே கேட்டிருக்கிறார்கள். "அவிய விழப்பிடாதுன்னுதானே ஜெபிச்சோம்? கேறாதவிய விழ மாட்டாவ. இதுக்குமேல கர்த்தர் என்ன செய்யணும்? எல போடுங்க."

உபதேசியார் தம் வாழ்நாளிலேயே மிகச் சிறிய ஜெபத்தைச் சொன்னார்.

இரண்டாம் பந்தி நடக்கையில் ஞானசிங் வந்தார். மேலே குளிரும் என்று தைத்த கம்பளிக் கோட்டு, கழுத்துவரை பித்தான். நெற்றியிலிருந்து வியர்வை வழிந்துகொண்டிருந்தது. யாரும் சிரிக்கவில்லை, வாய்கள் நிறைந்திருந்தன.

"மேல நல்ல குளிரோ, அண்ணா?" என்று லீலாபாய் மட்டும் கேட்டாள்.

"குளிரத்தான் செய்யும்" என்றார் அவர், எங்கோ பார்த்துக்கொண்டு.

நேசம்மாள் ஓர் இலையைப் போட்டுத் தண்ணீர் தெளித்தாள். கோட்டோடு அவரால் குனிந்து சப்பணம் போட முடியவில்லை. அவள் கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும், மேலிருந்து ஒவ்வொரு பித்தானாகக் கழற்றத் தொடங்கினாள்.