மூன்று மோட்டாரும் ஒரு பீரோ பல்பும்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. அபர்டீன் பஜாரில் ஜெய்னுலாப்தீன் பாயின் ஹார்டுவேர் கடைக்கு ஒரு குண்டு பல்பு வாங்கப் போனேன். பீரோவுக்கு. போர்ட் பிளேரில் துணி வைக்கிற பீரோவுக்குள் பல்பு எரியவிடாத வீடு குறைவு. விடாவிட்டால் பட்டுப்புடவை முதல் பள்ளிச் சான்றிதழ் வரை பூஞ்சை பூத்துவிடும். எல்.இ.டி. உதவாது, அதில் வெளிச்சம்தான் வரும், சூடு வராது. ஊரெல்லாம் எல்.இ.டி.க்கு மாறிய பிறகும் பாய் பழைய குண்டு பல்பை வரவழைத்து விற்பது எங்கள் பீரோக்களை நம்பித்தான்.

கதை எழுதுகிற என்னைப் பாய் 'லிக்னேவாலா' என்றுதான் கூப்பிடுவார். பல்பைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "லிக்னேவாலா சாப், பீரோல பல்பு போடுறீங்க, டீக் ஹை. ஆனா உள்ள ராக்கெட்டு மட்டும் வச்சிடாதீங்க."

பிறகு டீ வந்தது. கதையும் வந்தது. அன்றிலிருந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சத்தியமாக அலுத்துப்போய்விட்டது.

2.

தொடக்கங்கள்.

'வானம் தெளிந்திருந்த ஒரு பிப்ரவரிக் காலையில், பெரார்கஞ்சில் அறுவடை முடிந்த வயலின் நடுவே' — வேண்டாம். வானம் தெளிந்திருந்தால் யாருக்கு என்ன?

'பறக்க வேண்டும் என்பது மனிதகுலத்தின் ஆதி' — இதை நான் அடிப்பதற்குள் நீங்களே அடித்திருப்பீர்கள்.

'மங்கையர்க்கரசிக்கு அலுத்துவிட்டது.' — இது நிற்கட்டும். எனக்கும் அவளுக்கும் பொதுவாக இருப்பது இந்த ஒரு வாக்கியம்தான்.

3.

மங்கையர்க்கரசிக்கு அலுத்துவிட்டது. ஷாதிபூரில் வீடு, ஒரு நூலகத்தில் உதவியாளர் வேலை. பகலெல்லாம் புத்தகங்களின் பூஞ்சையைத் துடைப்பாள், வீட்டுக்கு வந்து துணிகளின் பூஞ்சையைத் துடைப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே கதை. விருதுநகரில் அவளுடைய அக்கா வைஜெயந்தி தன் வீட்டு மாடியைக் காலியாகவே வைத்திருக்கிறாள். அங்கே துவைத்த துணி ஒரு மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்துவிடும். கேட்டால் சிரிப்பீர்கள், அவளுடைய கனவில் வருவது கோயிலோ குளமோ இல்லை, அந்தக் காய்ந்த துணிதான்.

கணவர் ரவிச்சந்திரன் துறைமுகப் பணிமனையில் ஃபோர்மேன். கப்பல் என்ஜின்களோடு வாழ்கிறவர், நல்ல மனிதர். (நல்ல மனிதர் என்று எழுதிவிட்டு அடித்தேன், மறுபடி எழுதினேன். இந்த ஆளைப் பற்றிய என் சந்தேகம் இங்கேயே தொடங்கிவிட்டது.) மெயின்லேண்டுக்குப் போகலாம் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அவர் மறுத்ததே இல்லை. மகள் பன்னிரண்டாவது முடிக்கட்டும் என்றார். முடித்தாள், இன்று பெங்களூரில் வேலையில் இருக்கிறாள். புரமோஷன் வரட்டும் என்றார். வந்தது. அப்புறம்தான் அந்த ராக்கெட் வந்தது.

பெட்டியில் பாகங்களாக வரும், நாமே ஒட்டிச் சேர்த்துப் பறக்கவிடுகிற சின்ன ராக்கெட் அது. தடித்த அட்டைக் குழாய், பால்சா மர இறக்கைகள், பிளாஸ்டிக் மூக்கு, உள்ளே மடித்து வைக்க ஒரு பாராசூட். கடைசியில் வாணத்தைப் போல மருந்து கெட்டித்த மூன்று மோட்டார்கள், ஒன்றையொன்று ஒட்டியபடி. ஒரே மோட்டார் என்றால் பிள்ளைகள் விளையாட்டு. மூன்று என்றால் மூன்றும் ஒரே கணத்தில் பற்ற வேண்டும், ஒரே மாதிரி எரிய வேண்டும். ஒன்று சண்டித்தனம் பண்ணினாலும் வண்டி பக்கவாட்டில் சாய்ந்துவிடும்.

"இதை ஒண்ணு பறக்க விட்டுடுவோம் மங்கை. மறுநாளே வி.ஆர்.எஸ். எழுதிக் குடுத்துடுறேன். அக்கா மாடிக்குப் போயிடலாம்."

"நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"பக்கா."

அவள் அந்தப் 'பக்கா'வை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கதையில் பணயம் என்ன என்று கேட்கிற வாசகருக்கு: இதுதான். ராக்கெட் பறந்தால் அவள் ஊருக்குப் போகலாம்.

* மோட்டார்கள் வெடிமருந்துச் சரக்கு, விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அவை தீவுக்கு எப்படி வந்தன என்பதை ரவிச்சந்திரன் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே நானும் எழுதவில்லை. என்னைக் கேட்காதீர்கள்.

4.

இரண்டு மழைக்காலம் இழுத்தது வேலை. பசை காயவில்லை. பால்சா ஈரம் குடித்து ஊதியது, ஒட்டிய இறக்கை கையோடு வந்தது. ரவிச்சந்திரன் பொறுமையாக மறுபடி தொடங்குவார். அவருக்கென்ன அவசரம்? அவசரமெல்லாம் அவளுக்குத்தான். இறக்கைகளுக்கு உப்புத்தாள் போட்டவள் அவள். பாராசூட் நூல்களைச் சிக்கெடுத்தவள் அவள். நூலகத்திலிருந்து திரும்பி, இடுப்பு ஒடிந்து கிடக்கும்போதும் "அந்த இறக்கையை எடுங்க, நான் தேய்க்கிறேன்" என்பாள்.

மோட்டார்கள் பரணில் பிஸ்கட் டின்னில் இருந்தன. ஒருநாள் திறந்து பார்த்தால் மேலே ஒட்டிய காகிதம் நமுத்துக் கொப்புளித்திருந்தது. மருந்து நமுத்தால் ராக்கெட் ஏது, விருதுநகர் ஏது. மூன்றையும் துணியில் சுற்றி, வீட்டிலேயே காய்ந்த இடமான பீரோவில், பல்புக்கு மேல்தட்டில், அவருடைய சீருடைச் சட்டைகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். சாயங்காலம் வந்ததும் பல்பைப் போடுவாள், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அணைப்பாள். எப்போதும் செய்வதுதான்.

"அங்கயா வச்ச?" என்றார் அவர்.

"அங்கதான் ஈரம் அண்டாது."

"சரி."

(இந்தச் 'சரி'யை மட்டும் பலமுறை எழுதிப் பார்த்தேன். தலையாட்டியபடி, யோசித்தபடி, செய்தித்தாளிலிருந்து தலை நிமிராமல். ஒவ்வொரு விதத்திலும் அவர் வேறு ஆளாகிவிடுகிறார். ஆகவே வெறும் 'சரி'.)

5.

பெரார்கஞ்ச் வயல். அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்றது, ஓரத்தில் பாக்குத் தோப்பு. அனுமதி வாங்கியாயிற்று. ஜீப்பும் இரும்புக் கம்பியும் பாயுடையவை, கூடவே பாயும். ரவிச்சந்திரன் கம்பியை மண்ணில் நட்டு, ராக்கெட்டை அதில் கோத்து, மூன்று மோட்டாருக்கும் பற்றவைக்கும் கம்பிகளைத் தனித்தனியாகச் செருகினார். ஒவ்வொன்றுக்கும் பேட்டரியிலிருந்து தனி இணைப்பு. ஒன்றின் வழியாக இன்னொன்றுக்குக் கொடுத்தால் முதலில் பற்றுவது மற்றதைப் பட்டினி போட்டுவிடும் என்று பாய்க்கு விளக்கினார். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. இரண்டு தடவை சரிபார்த்தார்.

சுவிட்சை மங்கையர்க்கரசியிடம் நீட்டினார். "நீயே அழுத்து."

அவள் கை நடுங்கியது என்று எழுத ஆசைதான். நடுங்கவில்லை. பஸ் வரட்டும் என்று நிற்கிறவளைப் போல நின்றாள், அழுத்தினாள்.

இரண்டு மோட்டார்கள் சீறிப் பற்றின. மூன்றாவது படார் என்று வெடித்தது. ராக்கெட் ஒரு பக்கம் கிழிந்தபடியே கிளம்பி, தென்னை உயரம் போயிருக்கும், அப்படியே சாய்ந்து தோப்பைப் பார்த்துப் பறந்து, பாக்கு மரத்தில் மோதி, வயலோரத்தில் விழுந்து புகைந்தது. பாய் செருப்போடு ஓடிப்போய்த் தாளில் பிடித்த தீயை மிதித்து அணைத்தார்.

மற்ற இருவரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். பாய்க்குத்தான் பொறுக்கவில்லை. "அரே, பறந்துச்சுல்ல ரவி சாப்? நான் என் கண்ணால பாத்தேன். தங்கச்சி, பறந்துச்சு."

"வெடிச்சுச்சு பாய்," என்றாள் அவள்.

ரவிச்சந்திரன் கிழிந்த குழாயை எடுத்து வெடித்த மோட்டாரை நோண்டிப் பார்த்தார். பணிமனைக் குரலில் சொன்னார்: "மருந்துல விரிசல். சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சுருங்கிப் பிளந்திருக்கு. நெருப்பு அதுக்குள்ள பூந்துடுச்சு."

"சூடு எங்கருந்து வந்துச்சு?"

அவர் குழாயைக் கீழே வைத்தார். அவளுக்கே அது எட்டிவிட்டது. பாய் சொன்னார், அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்று. எதற்காக ஓடி ஓடிக் காத்தாளோ அதைத் தானே தினம் தினம் வறுத்திருக்கிறாள்.

"நான் பல்பு வித்ததுதான் தப்பு," என்றார் பாய். யாரும் சிரிக்கவில்லை.

6.

ஜீப் திரும்பியது. டெய்ரி ஃபார்ம் தாண்டி ஊருக்குள் வந்தாயிற்று. பிறகு பின்சீட்டிலிருந்து அவள், கோபமே இல்லாத குரலில் கேட்டாளாம்:

"ஏங்க, உங்க சட்டையும் அந்தத் தட்டுலதான இருக்கு?"

"ம்."

"தினம் காலைல சுடச்சுடத்தான எடுத்துப் போட்டுட்டுப் போனீங்க?"

பாய் கியரை மாற்றினார். அதற்குமேல் எதுவும் காதில் விழவில்லை என்கிறார். விழுந்திருந்தாலும் சொல்லமாட்டார், அவர் அப்படிப்பட்டவர்.

இந்த இடத்தில் நான் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். என் பீரோவைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். சட்டை நன்றாகவே சுட்டது. வெப்பத்தில் உலோகமே விரிந்து சுருங்குவதை வாழ்நாளெல்லாம் பார்த்த ஒருவர், தினமும் காலையில் அந்தத் தட்டில் கை வைத்தவர். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? இருக்கலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் தொழிலைச் செருப்போடு வெளியே விடுகிறவர்கள் உண்டு. தெரிந்திருந்து, 'சரி' என்று சொல்லிவிட்டு, வெடிக்கட்டும் என்று காத்திருந்தாரா? அதுவும் இருக்கலாம். ஊருக்குப் போகப் பிடிக்காத மனிதன், மறுக்கவும் தைரியமில்லாத மனிதன், வேறென்ன செய்வான்.

7.

முடிவுகள். (வீட்டுக்குள் நடந்தது பாய்க்குத் தெரியாது. இனி வருவது நான் இட்டுக்கட்டியது.)

அ. அவருக்குத் தெரியாது. குற்ற உணர்ச்சியில் அன்றே வி.ஆர்.எஸ். எழுதுகிறார். கப்பல் தட்டில் இருவரும் கைகோத்து — சீ, இதை எழுதிய கையைக் கழுவ வேண்டும்.

ஆ. அவருக்குத் தெரியும். அவள் கத்துகிறாள், அவர் அழுகிறார். ஆனால் அவளுக்குக் கத்தத் தெம்பில்லை. நானும் அவளை வற்புறுத்தப் போவதில்லை.

இ. அவர் இன்னொரு ராக்கெட் வரவழைக்கிறார். இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் வருகிறது. அவளுக்கு எப்படி இருக்கும்.

8.

ஆகவே இவ்வளவுதான் எழுதுகிறேன்.

மங்கையர்க்கரசி வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தாள். நேரம் தவறிக் கிளம்பியதில் காலையில் பல்பை அணைக்க மறந்திருந்தாள், உள்ளே அது எரிந்துகொண்டிருந்தது. தன் புடவைகளை எடுத்துப் பெட்டியில் வைத்தாள். அவருடைய சட்டைகளை எடுத்துக் கட்டிலில் அடுக்கினாள். பிறகு பல்பைத் திருகிக் கழற்றி, முந்தானையால் துடைத்து, ஜன்னலோரத்தில் வைத்தாள். இந்த ஊரில் பீரோவின் பல்பை யாரும் கழற்றுவதில்லை, வீட்டைக் காலி செய்கிறவர்களைத் தவிர.

அவர் வாசலில் நின்றார்.

"பறந்தாத்தான் போறதுன்னு நீங்கதான் சொன்னீங்க," என்றாள். "நான் சொல்லல. நான் போறேன். கப்பலுக்கு டிக்கெட் ஒண்ணு எடுக்கவா, ரெண்டா? அதை மட்டும் சொல்லுங்க."

அவர் கட்டிலில் உட்கார்ந்தார். கை தானாகச் சட்டையின் மேல் போனது.

"மங்கை, நான் வந்து—"

இதற்குமேல் அவர் வாயில் வார்த்தை வைக்க என்னால் முடியவில்லை. அந்த ஆளை இத்தனை பக்கம் சுமந்தும் எனக்குப் பிடிபடவில்லை. வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். அவசரமில்லை, ஆனால் எழுதுவதற்கு முன் அந்தச் சட்டையை ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இன்னும் சூடு ஆறவில்லை.