துறைமுகத்துக்குத் திரும்பிய மீன்கள்

1
மீன்வளத் துறை அறிக்கை ஒன்றைப் படித்த கோபத்தில் பிறந்த கதை இது. “மேல் ஆற்றில் விடப்பட்ட டிரௌட் குஞ்சுகள் திரும்பவில்லை. ஆறு இம்மீனுக்கு உகந்ததல்ல.” அவ்வளவுதான் அறிக்கை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: பின்லாந்தின் வடக்கே பனி உருகும் மே மாதத்தில், வெள்ளியாய் மின்னும் மீன்கள்...

வேண்டாம். அய்லாவுக்கு அழகு பார்க்க நேரமில்லை.

2
அய்லா மீன்குஞ்சு பொரிப்பகத்தில் வேலை செய்பவள். ஒவ்வொரு குஞ்சுக்கும் முதுகின் பின்புறத்துச் சின்னத் துடுப்பைக் கத்தரிப்பாள்; வளர்ப்பு மீனுக்கு அதுதான் அடையாளம். கடலுக்குப் போய் வளரும் இந்த மீன், தன்னை விட்ட தண்ணீரைத் தேடித்தான் முட்டையிடத் திரும்பும். மூன்றாண்டுக்கு முன் விட்டவற்றில் ஒன்றுகூட மேல் ஆற்றுக்கு வரவில்லை. துறைமுக வலைகளிலோ அந்தத் துடுப்பில்லாத மீன்கள் குவிந்தன.

அந்தக் குஞ்சுகளை லாரியில் கொண்டுபோன ரெய்யோவைப் பிடித்தாள்.

“எங்க கொட்டுன?”

“துறைமுகப் பாலத்துக்கிட்ட.”

“சீட்டுல மேல் ஆறுன்னு இருக்கே.”

“சீட்டு குளிர்காலத்துலயே அடிச்சு வச்சது. மே மாசம் மண்ரோடு சேறா இளகிக் கெடந்துச்சு. கனவண்டி போகக் கூடாதுன்னு பலகையே வச்சிருந்தாங்க. நீ வந்து தள்ளியிருப்பியா?”

“காத்திருக்கலாம்ல?”

“தொட்டியில செத்து மிதந்தா அதுக்கும் என்னையத்தான் கேப்ப. ஆபீசுல அதிகாரிக்குப் போன் போட்டேன். தண்ணி எல்லாம் ஒண்ணுதான், கொட்டிட்டு வான்னாரு.”

3
(ரெய்யோவை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்தச் சாலையில் என் வண்டியும் புதைந்திருக்கிறது. தண்ணீர் எல்லாம் ஒன்றுதான் என்றாரே, அந்த அதிகாரிதான் அறிக்கையில் கையெழுத்திட்டவர். தான் செய்ததற்கு ஆற்றைக் குற்றவாளியாக்கிவிட்டார்.)

4
வியாழனன்று துறையின் கூட்டம். அந்த அறிக்கையை வைத்து, ஆற்றில் குஞ்சு விடுவதை அடியோடு நிறுத்தத் தீர்மானம். சொந்த மீன்கள் எப்போதோ அழிந்த ஆறு. இதுவும் நின்றால் அதோடு முடிந்தது.

“நீயே எந்திரிச்சுச் சொல்லு, ரெய்யோ.”

“வேலை போயிரும். எனக்குன்னு வேற லாரி வச்சிருக்கியா?”

“லாரி இல்ல. கத்தரிக்கோல் இருக்கு. பன்னண்டாயிரம் மீனை வெட்டுன கை, யோசிச்சுப் பேசு.”

அவன் சிரிக்கவில்லை.

5
முடிவு ஒன்று: ரெய்யோ போட்டுடைக்கிறான், அதிகாரி தலைகுனிகிறார்... கோடு போட்டு அடித்துவிட்டேன். எந்த அதிகாரியும் அப்படித் தலைகுனிந்து நான் பார்த்ததில்லை.

முடிவு இரண்டு: ஒரே ஒரு மீன் வழி கண்டுபிடித்து மேலே வருகிறது. அதையும் அடித்தேன். மனிதன் செய்த தவற்றை மீனா திருத்த வேண்டும்?

மிஞ்சியது இதுதான். கூட்டத்தில் காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் தீர்ந்துவிட்டன. “ஆட்சேபம் உண்டா?” என்கிறார் அதிகாரி. ரெய்யோ மேசையைப் பார்க்கிறான். கொட்டிய அன்று அய்லா லாரியில் இல்லை. அவள் சொன்னால் வதந்தி என்பார்கள். குஞ்சுகளைக் கொட்டிய இடம் அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

இப்போது உங்களுக்கும் தெரியும். கடைசி நாற்காலியில் உங்களை உட்காரவைத்திருக்கிறேன். தீர்மானத்தை முடிக்கும் சுத்தியலை அதிகாரி கையில் எடுத்துவிட்டார், இன்னும் தட்டவில்லை.