சுறாவுக்குக் கட்டுப்பல்

அருங்காட்சியகம் பூட்டிக் கிடக்கும் விடுமுறை நாட்களில் காவலர்கள் கடல் கூடத்தில் பந்து ஆடுவார்கள். பீடத்தில் வாய் பிளந்து நிற்கும் சுறாத் தாடைதான் கோல். பல்லில் படாமல் பந்தை உள்ளே அனுப்ப வேண்டும். பட்டால் பந்து செத்தது.

கடைசியாக வேலையில் சேர்ந்தவன் அன்று அடித்த பந்து கீழ்வரிசை நடுப் பல்லில் குத்தி, புஸ்ஸென்று உள்ளே விழுந்தது. கோல் என்று கத்தியபடி ஓடிவந்து குதித்தான். காலடியில் நறுக்கென்றது. பெயர்ந்து விழுந்த பல்லின் மேலேயே குதித்திருந்தான்.

மூத்த காவலர் தூளைப் பார்த்தார். "கோல் இருக்கட்டும். வேலை போச்சுடா உனக்கு."

அவனுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அந்த வாரம்தான் இயக்குநர் கையெழுத்துப் போட வேண்டும். வேறு எந்தப் பல் போயிருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. நடுப் பல் இயக்குநரின் செல்லப் பிள்ளை. பெரிய மனிதர்கள் வந்தால் அவர்களுடைய நுழைவுச்சீட்டை அதில் ஓர் இழுப்பு இழுத்து இரண்டாக்குவார். "செத்து நூறு வருஷம். இன்னும் பசி அடங்கல பாருங்க," என்பார். காவலர்களும் சிரிக்க வேண்டும். அதுவும் சம்பளத்தில் சேர்த்தி.

மறுநாள் பெரிய மனிதர்கள் வருகிறார்கள்.

பக்கத்துப் பல்லில் மாவு அழுத்தி அச்செடுத்துக்கொண்டு அக்காவிடம் ஓடினான். அக்கா கட்டுப்பல் செய்பவள். பட்டறை அலமாரியில் ஊரார் வாயெல்லாம் சுண்ணாம்பில் வரிசையாக இளித்துக்கொண்டிருந்தன.

"யாருக்குடா பல்லு?"

"சுறாவுக்கு."

"நேர்ல கூட்டிட்டு வா. வாயைப் பார்க்கணும்."

நடந்ததைச் சொன்னான். அக்கா முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள்.

"விளையாடாத அக்கா. கூரா இருக்கணும். பேப்பர் அறுக்கணும்."

"சின்ன வயசுல நீ என் கையைக் கடிச்ச தழும்பு இன்னும் இருக்கு. அதைப் பார்த்தே செஞ்சிடுறேன், போ."

காலையில் பல் தயாராக இருந்தது. அடியில் கொஞ்சம் இளஞ்சிவப்பு.

"இது என்ன?"

"ஈறு. ஈறு இல்லாம இந்தப் பட்டறையிலேர்ந்து பல்லு போனதில்ல."

கூடத்தைத் திறக்குமுன் ஒட்டினான். பசை இறுகியதும் விரலால் தடவினான். கைக்குழந்தையின் கன்னம்போல் வழுவழுவென்றிருந்தது. போனை எடுத்தான்.

"அக்கா! மழுங்கிக் கிடக்கு!"

"ஐயையோ. கைப் பழக்கம்டா. கன்னம் கிழியுமேன்னு மெருகு போட்டுட்டேன்."

"அதுக்குக் கன்னமே இல்ல, அக்கா!"

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரிய மனிதர்களுக்கு முன்னால் இயக்குநர் வந்தார். சீட்டை வாங்கினார். இழுத்தார். மடங்கியது. மறுபடி இழுத்தார். கசங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஓர் இழுப்பு இழுத்தார்.

டொக்.

பல் அவர் கையில் இருந்தது. விருந்தினர்கள் அவர் முதுகுக்குப் பின்னால். பார்த்தவன் பீடத்தருகே நின்ற புதுக் காவலன் மட்டும். இயக்குநர் கையைச் சட்டைப்பைக்குள் விட்டார்.

"அடுத்து வாள் கூடம். அங்க எல்லாமே இதைவிடக் கூரு."

மாலையில் அவனைத் தன் அறைக்கு அழைத்தார். கதவைச் சாத்தச் சொன்னார். மேசையில் அவன் விண்ணப்பம். அதன் மேல் பல்.

"நீ பார்த்தே."

"இல்லைங்க சார்."

"பார்த்தேடா. நான்தான் பிடுங்கினேன். அறுத்து அறுத்து மழுங்கடிச்சதும் நான்தான்." பல்லைத் திருப்பினார். அவர் படித்தது பழைய நாணயங்களைப் பற்றி; பல்லைப் பற்றி அல்ல. "நூறு வருஷம் ஆகியும் ஈறு எப்படி இருக்கு பாரு. எனக்கு இப்படி இல்ல."



இயக்குநர் கையெழுத்துப் போட்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "வெளிய தெரியக் கூடாது. பல்லு வேலை தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?"

"எங்க அக்கா இருக்காங்க, சார்."

அக்கா பல்லை விளக்கடியில் பிடித்துப் பார்த்தாள்.

"குத்துதுன்னு திரும்பி வந்த பல்லு எத்தனையோ பார்த்திருக்கேன். குத்தலைன்னு வந்தது இதுதான்டா முதல்."