சட்டியோடு ஓர் ஆள்

வருஷா வருஷம் ஜூன் கடைசியில் அர்மானின் கார் கொட்டகையில் எடை பார்ப்பார்கள். சாலையே இல்லாத வடக்கு ஏரிக்குப் போகிற, தண்ணீரில் இறங்கும் மிதவை விமானம் சின்னது. கூடாரம், மாவு, தூண்டில், ஆள் எல்லாம் சேர்த்து இவ்வளவுதான் என்று கணக்கு உண்டு. குளியலறை எடைப்பொறியைச் சிமெண்டுத் தரையில் வைத்து, உருளைக்கிழங்கு மூட்டையில் தொடங்கி ஆள்வரை ஏற்றி இறக்குவார்கள். இந்த வருஷம் அர்மானும் அவன் மைத்துனன் ரோலானும் மட்டும்தான்.

"இவ்வளவு பன்றிக் கொழுப்பு எதுக்கு? மீன் பொரிக்கவா, குளிக்கவா?" என்றான் ரோலான்.

"கேத்தான் எப்பவும் இவ்வளவுதான் எடுப்பான்."

பேரைச் சொன்ன பிறகுதான் அர்மானுக்கு உறைத்தது. இருவரும் தரையில் விரித்திருந்த ஏரி வரைபடத்தைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

முப்பது வருஷமாக ஏரியில் சமையல் நண்பன் கேத்தானுடையது. போன வருஷம் ஏரியிலிருந்து இறங்கும் ஆற்றின் வேகத் தண்ணீரில் நிற்கும்போது அவன் இடது கால் சட்டென்று மடங்கிவிட்டது. அர்மான்தான் காலரைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தான். லேசான பக்கவாதம் என்றார் மருத்துவர். அவனைக் கூட்டிப்போவது ஆபத்து என்று அர்மான் ரோலானிடம் சொன்னது பாதி உண்மை. ஒரு வாரம் முழுக்க அவனையே காவல் காத்தால் தான் எப்போது மீன் பிடிப்பது என்ற மறுபாதியை யாரிடமும் சொல்லவில்லை. மே மாதம் தொலைபேசியில் ஒரு பொய்யை அவிழ்த்துவிட்டான்: "மூணு பேருன்னா எடை தாங்காதுன்னு பைலட் சொல்றாருடா. நம்மள்ல நீதானே பீப்பா." கேத்தான் சிரித்தான். "சரிடா, பாத்துக்கலாம்" என்றான். பைலட்டிடம் அர்மான் எதையுமே கேட்டிருக்கவில்லை.

வாசலில் பூட்ஸ் தரையில் உரசும் சத்தம் கேட்டது.

"என்னை விட்டுட்டா எடை பாக்கிறீங்க, வெக்கங்கெட்டவனுங்களா!"

கேத்தான்தான். கையில் அவன் அம்மாவின் இரும்புச் சட்டி. அது இல்லாமல் அவன் ஏரிக்கு வந்ததே இல்லை. முகம் வற்றிக் கன்னம் ஒட்டியிருந்தது. இடுப்பு வாரில் ஆணியால் குத்திய புது ஓட்டைகள்.

"உடம்பு சரியில்லையாடா?" என்றான் அர்மான்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? நீ போன் பண்ண நாள்லேர்ந்து ரொட்டியத் தொடல, பீர் தொடல. ரயில்பாதை ஓரமா தினமும் நடை. எவளையோ புடிச்சுட்டேனோன்னு பொண்டாட்டிக்கே சந்தேகம் வந்துடுச்சு."

ரோலான், காரில் எதையோ மறந்துவிட்டதாக முணுமுணுத்து வெளியே நழுவினான். கேத்தான் சட்டியோடு எடைப்பொறியில் ஏறினான்.

"தொப்பை போச்சு, கண்ணு இன்னும் சரியாத் தெரியல. நீயே படிச்சுச் சொல்லு."

அர்மான் மண்டியிட்டான். சட்டியோடு சேர்த்துப் பார்த்தாலும் முள் அர்மானுடைய எடைக்குக் கீழே நின்றது. அடப்பாவி, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். வா என்றால் ஆற்றில் அந்தக் கால் மறுபடி மடங்கலாம். வேண்டாம் என்றால் ஏன் என்று சொல்ல வேண்டும். முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அதைக் கேத்தான் வேறு மாதிரி புரிந்துகொண்டான். "இன்னும் ஜாஸ்தியா?" சிரிப்பு மங்கியது. சட்டியைப் பார்த்தான். பிறகு குனிந்து அதைத் தரையில் வைத்தான்.

"இது இல்லாமயும் பொரிக்கலாம். இரு, பூட்ஸையும் கழட்டறேன். கொஞ்சம் தோளைக் குடு."

வலது பூட்ஸ் சுலபமாக வந்தது. இடதைக் கழற்ற அவனுக்கு நேரம் பிடித்தது. அதுவரை மண்டியிட்டிருந்த அர்மானின் தோள்மேல்தான் அவன் பாரம் முழுதும் இருந்தது. பிறகு காலுறையோடு நிமிர்ந்து நின்று, தோளிலிருந்து கையை எடுத்தான்.

"இப்பப் பாருடா."

முள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.