பேபி ரூமுக்கு வந்த விருந்தாளி

சுவரில் மகன் பைசல் போட்டிருந்த பச்சைக் கிறுக்கலை ஈரத்துணியால் தேய்த்துத் தேய்த்துச் சைதூனுக்குக் கை ஓய்ந்துவிட்டது. அது யானை என்று அவன் சொன்னான். பார்த்தவர்கள் எல்லாரும் பஸ் என்றார்கள். எதுவாக இருந்தாலும் இன்றைக்கு அது சுவரில் இருக்கக் கூடாது. மதுரையிலிருந்து அறக்கட்டளைக்காரர் வருகிறார். அவர் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்வதை வைத்துத்தான் வருகிற ஜூனிலிருந்து இந்த அறைக்குப் பணம் வருமா, நின்றுபோகுமா என்பது முடிவாகும்.

கல்லூரி கேண்டீனுக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகளைப் போட்டுவைத்திருந்த அறை அது. இப்போது குழந்தைகள் காப்பகம். போர்டில் பெயர் இன்னும் நீளம், மாணவிகள் வாயில் வெறும் பேபி ரூம். கல்யாணமாகி, கையில் பிள்ளையோடு படிக்க வரும் பெண்கள் காலையில் பிள்ளையை இங்கே இறக்கிவிட்டு வகுப்புக்கு ஓடுவார்கள். ஆயா பொன்னழகின் சம்பளம், பிள்ளைகளுக்குப் பால், சுண்டல் எல்லாம் அறக்கட்டளைப் பணம். சைதூன் அடுத்த வருடம் பி.காம் முடித்துவிடுவாள். பேகம்பூரில் அவள் மாமியார் விடிந்ததிலிருந்து இடியாப்பம் விற்கிறவர். கணவன் அஸ்பாக்குக்குத் தோல் குடோனில் வேலை. இரண்டு வயதுப் பைசலைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆளில்லை. "அந்த ரூம் இருக்கிற வரைக்கும் படி" என்று அஸ்பாக் சொன்னது மிரட்டல் இல்லை, நிலவரம். அது அவளுக்கும் தெரியும்.

விருந்தாளி வருகிறார் என்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? பெருக்கித் துடைத்து, பாயைத் தட்டிப் போட்டு, பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்குத் துரத்திவிடுவோம். வந்தவர் காபி குடித்துவிட்டு எழுந்திருக்கும்வரை ஒரு ஒழுகல் மூக்கும் கண்ணில் படக் கூடாது. பேபி ரூம் அம்மாக்கள் எல்லாரும் கூடி யோசித்ததில் இந்தப் புத்திதான் வந்தது. முதலில் வாயைத் திறந்தவள் ஒட்டன்சத்திரத்துத் தமிழ்மதி.

"அவரு வர்ற நேரம் பாத்துத்தானுங்கக்கா இதுக எல்லாம் ஒண்ணு சேந்து அழுவும். எம்புள்ள ட்ரவுசர்ல போனாலும் போயிருமுங்க."

கல்லூரியின் பின்மதிலை ஒட்டித்தான் பொன்னழகின் வீடு. அவள் புருஷன் கண்ணுசாமி கத்தரிக்காய் பறிப்பு முடிந்து சும்மா இருந்தார். பிள்ளைகள் மொத்தமும் காலையிலேயே அங்கே போய்ச் சேர்ந்தன. கடித்துக் குதறிய பொம்மைகள் மூட்டை கட்டப்பட்டுப் பரணுக்கு ஏறின. புதுப் பொம்மைகள் வரிசையாக உட்கார்ந்தன. எவ்வளவு படித்தவர்கள் இருக்கும் கல்லூரி! ஒருவருக்குக்கூட இது தப்பாகப் படவில்லை.

வந்தவர் பெயர் மரியசெல்வம். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, கையில் ஒரு கோப்பு. வாசலிலேயே ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு சுற்றுப் பார்த்தார். பொங்கலுக்கு எடுத்த சேலையில் பொன்னழகு ஆடாமல் அசையாமல் நின்றாள்.

"ரொம்ப நீட்டா வச்சிருக்கீங்க" என்றார்.

சைதூனுக்கு மனம் நிறைந்தது. அடுத்த வார்த்தையில் அது காலியானது.

"பசங்க எங்க?"

தமிழ்மதிதான் முந்திக்கொண்டாள்.

"வருவாங்க சார்."

"எப்ப?"

"நீங்க போனப்புறமுங்க சார்."

அவர் முகம் மாறியது. வேறு கல்லூரிகளும் இதே பணத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவும், நிஜமாகவே பிள்ளைகள் வந்துபோகிற இடத்துக்குத்தான் கொடுக்க முடியும் என்றும் சொன்னார். "இங்க பொம்மையில ஒரு பல்லுத் தடம்கூட இல்லையேம்மா" என்றவர், உத்தரத்தில் தொங்கிய சேலைத் தொட்டிலைப் பிடித்து, யோசனையோடு லேசாக ஆட்டினார்.

"அய்யய்யோ!" பொன்னழகு பாய்ந்து வந்து தொட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "வெறுந்தொட்டில ஆட்டாதீங்க சார்! தூங்குற புள்ளைக்கு ஆகாது!"

"எந்தப் புள்ளைக்கு?"

பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது என்று சைதூனுக்குப் புரிந்தது. இனி மறைத்தால் அறையும் போகும், படிப்பும் போகும். சொல்லிவிட்டாள்.

"எம்புள்ளைக்கு சார். பைசல்னு பேரு. எல்லாப் புள்ளைகளும் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்குதுக. நீங்க வாரீங்கன்னு நாங்கதான் ஒளிச்சு வச்சோம். அசிங்கமா இருந்தா பணத்த நிப்பாட்டிருவீகளோன்னு பயந்துட்டோம் சார்."

மரியசெல்வம் அவளையே பார்த்தார். "வாடகைக்குப் புள்ளையக் கூட்டியாந்து காட்டுன எடமெல்லாம் பாத்திருக்கேன். ஒளிச்சு வச்ச எடத்த இப்பத்தாம்மா பாக்குறேன். எங்க, காட்டுங்க."

எல்லாரும் பின்மதிலுக்கு ஓடினார்கள். கேட் வழியாகப் போனால் ஊரைச் சுற்ற வேண்டும்.

"இந்தாங்க! புள்ளைகளத் தூக்கிக் குடுங்க!" என்று பொன்னழகு கத்தினாள்.

மதிலுக்கு மேலே கண்ணுசாமியின் தலை எழுந்தது. "ஏம்புள்ள, ஆபீசரு போயிட்டாரா?"

"இந்தா, இங்கதான் நிக்கிறாரு!"

தலை சட்டென்று மறைந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் பிள்ளைகள் மேலே வந்தார்கள். ஒருத்தன் முகமெல்லாம் கொய்யாப்பழம். ஒருத்தி கையில் ஒரு கோழிக்குஞ்சு, அதை விடமாட்டேன் என்று அதோடேயே இறங்கினாள். தமிழ்மதி பயந்தபடியே அவள் மகன் ட்ரவுசர் இல்லாமல் வந்தான். வாங்குவதற்குக் கைகள் போதவில்லை. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மரியசெல்வமும் கையை நீட்டினார். அவர் கைக்கு வந்து சேர்ந்தது பைசல். மதிலைவிட்டு இறங்கியதும் வெள்ளைச் சட்டையில் இரண்டு செம்மண் கைகளையும் பதித்துவிட்டு கழுத்தைக் கட்டிக்கொண்டான். சைதூனுக்கு உயிரே போய்விட்டது.

கொஞ்ச நேரத்தில் பேபி ரூம் பழைய பேபி ரூம் ஆனது. வரிசை கலைந்தது, பால் கொட்டியது, கோழிக்குஞ்சு பரணுக்கு வழி தேடியது. மரியசெல்வம் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பைசல் அவர் மடியை விட்டு இறங்கவில்லை. மீசையைப் பிடித்துப் பார்த்தான், சட்டைப் பித்தானைக் கடித்துப் பார்த்தான், அப்படியே தூங்கிப்போனான்.

அப்போதுதான் மணி அடித்தது. சைதூனுக்குக் காஸ்டிங் கணக்குப் பரீட்சை. பொன்னழகு பின்பக்கம் பிள்ளைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவனைத் தூக்கினால் விழித்துக்கொள்வான், விழித்தால் விடமாட்டான். சைதூன் குனிவதும் நிமிர்வதுமாக நின்றாள்.

"பரீட்சையாம்மா?"

"ஆமா சார். ஆனா நீங்க மதுரைக்குப் போகணுமே..."

"வண்டி நிக்கும். எந்திரிச்சா என்ன குடுக்கணும்? அதச் சொல்லிட்டுப் போ."

"பிஸ்கட்டு சார். ஒடையாத பிஸ்கட்டா பாத்துக் குடுங்க. ஒடைஞ்சிருந்தா ஊரக் கூட்டிருவான்."

சொல்லிவிட்டு ஓடினாள். பணம் வருமா என்று அவர் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று தோன்றிய நேரத்தில் கரண்ட் போனது. ஃபேன் இல்லாத புழுக்கத்தில் அவன் இனித் தூங்கமாட்டானே என்று திரும்பி வந்து ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள்.

மரியசெல்வம் காலை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். கோப்புக்குள் இருந்த தாள்களையெல்லாம் உருவிப் பக்கத்தில் வைத்துவிட்டு, வெறும் அட்டையால் பைசலின் வேர்த்த நெற்றிக்கு மெல்ல விசிறிக்கொண்டிருந்தார்.