இடது மட்டை

இடது மட்டை அசையவே மாட்டேன் என்று அடம்பிடித்தது.

பத்மாசினி பொத்தானை மறுபடி மறுபடி அமுக்கினாள். திருப்பரங்குன்றம் பட்டறையில் அவளும் தம்பி கிரிதரனும் மூன்று மாதம் மாரடித்துப் பூட்டிய பின்பால் விளையாட்டு மெஷின். உருண்டு வரும் இரும்புக் குண்டை இரண்டு மட்டையாலும் தட்டித் தட்டி மேலே ஏற்ற வேண்டும். இதைச் செய்யச் சொன்ன ஆஸ்திரேலியாக் கம்பெனி ஆரம்பித்து இரண்டே வருஷம். அதற்குள் அங்கே கூலி கட்டுப்படியாகவில்லை. மாதிரிக்குச் செய்த இந்த ஒரு மெஷின் ஓடினால் அடுத்த இருநூறு மெஷினையும் இங்கேயே செய்யச் சொல்வதாகப் பேச்சு. இல்லாவிட்டால் பட்டறையை இழுத்து மூட வேண்டியதுதான். கம்பெனியிலிருந்து வந்த டேவிட் வாயே திறக்காமல் நின்றார்.

கிரிதரன் வயரிங் செய்த சின்னச்சாமி மேல் பாய்ந்தான். "என்னத்தடா மாட்டுன? எம்புட்டுத் தடவ சொன்னேன்?"

"முந்தாநாள் நல்லாத்தானண்ணே அடிச்சுச்சு. நம்பிக்கையில்லைன்னா நான் போறேன்." சின்னச்சாமியின் முகம் செத்துவிட்டது.

முந்தாநாள் ஓடியது. நேற்று ஆயுத பூஜை. பத்மாசினிக்குச் சுருக்கென்றது. பட்டறையில் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தவள் அவள்தான். வெளியே வைத்தால் வருகிற வெள்ளைக்காரர் என்ன நினைப்பாரோ என்று, மெஷினின் மேல்கண்ணாடியைத் தூக்கி, கண்ணில் படாத இடமாகப் பார்த்து உள்ளே வைத்தாள், பாவி. சொன்னால் தம்பி காலத்துக்கும் சொல்லிக்காட்டுவான். சின்னச்சாமியோ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அவனை விடுடா," என்றாள். "நான்தான் உள்ள சந்தனம் வச்சேன்."

கரண்டை நிறுத்திப் பார்த்தார்கள். மட்டைக்குக் கரண்ட் கொடுக்கும் இரண்டு தகடுகளுக்கு நடுவே சந்தனம் காய்ந்து கிடந்தது. நகத்தால் சுரண்டி, முந்தானையால் துடைத்தாள். கரண்டைப் போட்டுப் பொத்தானை அமுக்கியதும் மட்டை டப்பென்று அடித்தது.

டேவிட் சிரிக்கவில்லை. குனிந்து அந்தத் தகடுகளையே பார்த்தார். இம்மி அழுக்குக்கே நின்றுவிடுமா என்று இங்கிலீஷில் கேட்டார். ஆமாம், மேலே ஒரு சின்ன மூடி போட்டால் போதும் என்றான் கிரிதரன். அவர் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு மெதுவாக ஏதோ பேசினார். கிரிதரன் தலை குனிந்தான்.

"என்னடா சொல்றாரு?"

"அவங்க அங்க செஞ்சு வித்த மெஷின்ல பாதி, மட்டை நின்னுபோச்சுன்னு திரும்பி வந்துச்சாம்க்கா. மட்டையை அடிக்க வைக்கிற காயிலை மாத்தினாங்களாம், கரண்ட் போர்டை மாத்தினாங்களாம். இந்த இடத்தை ஒருத்தரும் பாக்கலையாம். நட்டம் தாங்காம போன வெள்ளிக்கிழமை கம்பெனியை மூடிட்டாங்க. அதை நேர்ல சொல்லத்தான் வந்தாராம். நம்ம ஆசையா மெஷினை ஓட்டிக் காட்டவும் சொல்ல வாய் வரலையாம்."

பத்மாசினி மஞ்சளாகிக் கிடந்த முந்தானையைப் பார்த்தாள்.

"என் சந்தனத்தாலயாடா போச்சு?"

"இல்லக்கா. தூசியால."

அவளுக்கு அப்போதுதான் அழுகை வந்தது.