காப்புக் கட்டிய கை

போன முறை திட்டித் தீர்த்துவிட்டுக் கொடுத்த கொயினா மாத்திரைகள் அப்படியே பானைக்கடியில் கிடந்ததைப் பார்த்ததும், டாக்டர் சிதம்பரநாதனுக்குக் கோபம் தலைக்கேறியது. அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மூச்சிரைக்க மலையேறி வந்தது இதற்குத்தானா? பாப்பாயியோ மலைக்காய்ச்சலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தாள்.

"சாகணும்னு ஆசையா உனக்கு?" என்று கத்தினார். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

அவள் புருஷன் நல்லமுத்து அவரை வாசலுக்கு அழைத்துப்போனான். "ஏனுங்க, பொடி பண்ணிக் குடுங்க. தேன்ல குழைச்சு ஊட்டிப்போடறேன். அவளுக்குத் தெரியவே வேண்டாமுங்க."

டாக்டரின் கை மருந்துப்பெட்டிக்குப் போய், சட்டென்று நின்றது. இவளை ஏமாற்றிப் பிழைக்கவைத்தால், நாளைக்கு இந்த ஊரில் யார் தன்னை நம்புவார்கள்?

விடுவிடுவென்று உள்ளே போய் அவளருகே உட்கார்ந்தார். "ஏன் சாப்பிடலைன்னு சொல்லு கண்ணு. திட்டமாட்டேன்."

அவள் மணிக்கட்டிலிருந்த மஞ்சள் காப்பைக் காட்டினாள். "சாமிக்குக் கட்டியிருக்கேனுங்க. நோம்பி முடியற வரைக்கும் மலைக்குக் கீழ இருந்து வந்த எதையும், உப்பைக்கூட, வாயில வைக்கமாட்டேனுங்க."

"வாயிலதானே?" டாக்டர் துள்ளி எழுந்தார். நினைவு தப்பியவர்களுக்கென்று வைத்திருந்த கொயினா ஊசி மருந்து பெட்டியில் இருந்தது! "ஊசி போட்டா சாமி குத்தமா?"

பாப்பாயி யோசித்தாள்.

"குத்தமில்லீங்க." காப்புக் கட்டிய கையையே நீட்டினாள்.

ஊசியைக் கொதிநீரில் போட ஓடிய டாக்டரின் முதுகுக்குப் பின்னால் அவள் குரல் கேட்டது.

"போன தடவையே இப்படிக் கேட்டிருக்கலாமுங்களே."